இரண்டு நிமிடப் படம்

செப்டம்பர் 4, திங்கள்

பெனடிக்ட் சூசை வந்தான். அறுபது வயதாகிறது, கேட்டைத் திறந்தால் மூட வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. சட்டைப் பையில் மூன்று பேனா, ஒன்றுக்கும் மூடி இல்லை. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது பினாங்கு சினிமா நண்பர்கள் வட்டத்துக்குச் செயலாளராம்.

"ஆன்ட்டி, பசியாறிட்டீங்களா? நல்ல சேதி கொண்டாந்திருக்கேன்."

"முதல்ல கேட்டை மூடிட்டு வா."

சேதி இதுதான். தோக்கியோவில் ஏதோ கலைப் பரிமாற்ற மன்றம் இருக்கிறது. அங்குள்ள அரசாங்கத்தின் ஆதரவில் வருடாவருடம் ஊர் ஊராகத் திரைப்பட வாரம் நடத்துகிறது. இந்த வருடம் பினாங்கு. நுழைவு இலவசம். படங்களின் பெயரை எனக்குப் படித்துக் காட்டினான். ஒரு நூடுல்ஸ் கடைக்காரர், ஒரு நாய், ஒரு மலைக்கிராமத்து மணமகள், பூ பார்க்கப் போகும் குடும்பம்.

"ராணுவ உடுப்புப் போட்டவன் ஒருத்தன்கூட இல்லையா?"

"சேச்சே, எல்லாம் ஃபேமிலி படம் லா ஆன்ட்டி."

அந்த நாட்டில் யாரும் ராணுவ உடுப்புப் போட்டதே இல்லை போலிருக்கிறது. தைரியமாக அனுப்புகிறார்கள், நாமும் கைதட்டி வாங்கிக்கொள்கிறோம். முதலில் கார் வந்தது, பிறகு ரைஸ் குக்கர் வந்தது, இப்போது நூடுல்ஸ் கடைக்காரர் வருகிறார்.

விஷயத்துக்கு வந்தான். ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் ஒரு கான்வென்டில் எடுத்த செய்திப் படம் ஒன்று அவர்கள் கிடங்கில் கிடைத்திருக்கிறதாம். இரண்டு நிமிடம். தொடக்க விழாவில் அதைப் போடப் போகிறார்கள். "நீங்க அந்தக் கான்வென்ட்லதானே படிச்சீங்க, அந்தப் பிள்ளைங்கள்ல நீங்களும் இருக்கலாம், வந்து ரெண்டு வார்த்தை பேசணும்" என்றான்.

வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். பிஸ்கட்டைப் பாதி கடித்து மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பாதி பிஸ்கட்! அருவருப்பாக இருந்தது.

செப்டம்பர் 5, செவ்வாய்

பின்கட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டது. நகராண்மைக் கழகத்துக்கு ஃபோன் செய்தேன். ஆள் வரவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

பெனடிக்ட் விடவில்லை. மன்றத்துப் பெண்ணையே அழைத்துவந்தான். மிஸ் ஹோரிக்காவா. முப்பது வயதிருக்கும். காலணியைக் கழற்றி, அதன் மூக்கு வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். பெனடிக்டின் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ஒழுங்கு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

பரிசு கொண்டுவந்திருந்தாள். பைக்குள் தாள், தாளுக்குள் பெட்டி, பெட்டிக்குள் இன்னொரு தாள், அதற்குள் ஒரு கைக்குட்டை. இத்தனை உரித்த பிறகு ஒரு கைக்குட்டை!

அவள் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் எனக்குப் பொய்கூட நாகரிகமாக வந்துவிடுகிறது.

படத்திலிருந்து எடுத்த ஒரு காட்சியை அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தாள். கான்வென்ட் முற்றம். சீருடையில் பெண் பிள்ளைகள், ஒரு கையில் காகிதக் கொடி, மறு கையில் நாடா கட்டிய சிறு பெட்டி. முன்வரிசையில் இரட்டைச் சடை போட்டு விறைத்து நிற்பது நான். எட்டு வயது. கொடி நேராக இருக்கிறது.

வரிசையின் ஓரத்தில், சட்டகத்துக்கு வெளியே போய்விட்ட ஒரு குழந்தையின் கை மட்டும் தெரிந்தது. பூப்போட்ட துணியில் தைத்த கைப்பகுதி. சீருடைத் துணி கிடைக்காமல் ஜன்னல் திரையை வெட்டித் தைத்தது.

"இந்தக் குழந்தையை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

படம் தெளிவாக இல்லை என்றேன்.

"பெட்டியில் என்ன இருந்தது?"

"கேரமல்."

"ஆ! சந்தோஷமாக இருந்திருக்குமே!"

"இருந்தது" என்றேன். காபி கொடுத்தேன். கோப்பையைக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 9, சனி

சனிக்கிழமை தூசு தட்டும் நாள். கூடத்தில் முதலில் மதர் ஜோசபின் படம், பிறகு மற்றவை. நான் எழுதப் படிக்க, நிமிர்ந்து நடக்க, பொய் சொல்லாதிருக்க எல்லாம் கற்றது அவரிடம். பிறகு அதே கான்வென்டில் நான் ஆங்கிலம் கற்பித்த காலம் முழுக்க, வகுப்பில் தவறு நடந்தால் மதர் என்ன செய்வார் என்றுதான் யோசிப்பேன். அயர்லாந்துக்காரர். அயர்லாந்து போரில் சேரவில்லை என்பதால் ஜப்பான்காரன் அவரைச் சிறையில் போடவில்லை. எங்களை விட்டுப் போகாமல் அந்த மூன்றரை வருடமும் கூட இருந்தார்.

என்னோடு இருக்கும் ஸ்டெல்லா, என் கணவரின் தம்பி மகள், ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும் அந்த அச்சுப் படத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள்.

"பெரியம்மா, ஓரத்துல இருக்குற கை லூர்து சின்னம்மாவோடதா?"

"சோறு குழையுது, போய்ப் பாரு."

"கல்லறைத் திருநாள்ல தங்கச்சின்னு பேரு சொல்றீங்களே ஒழிய, ஒரு படம்கூட நம்மகிட்ட இல்லையே. முகம் எப்படி இருக்கும்?"

படம் எடுக்கும் வசதி அப்போது யாருக்கு இருந்தது? எடுத்தவர்கள் ஜப்பான்காரர்கள் மட்டும்தான். சோறு குழைந்துதான் போனது.

செப்டம்பர் 10, ஞாயிறு

பிரசங்கம் நீளம், சாரம் இல்லை. பூசை முடிந்து கோயில் கேன்டீனில் பெனடிக்ட் பிடித்துக்கொண்டான். வாயில் வடையோடு பேசினான்.

"ஆன்ட்டி, ப்ரோக்ராம் ரெடி. படம் முடிஞ்சதும் நீங்க மேடைக்கு வரீங்க. மன்றத்தோட பெரிய டைரக்டர், மிஸ்டர் குசுமி, தோக்கியோவுல இருந்து வராரு. அவரு ஒரு கேரமல் பெட்டி குடுப்பாரு, படத்துல வர்ற மாதிரியே. பழைய நட்பு, புதிய நட்பு. எப்படி?"

"குமட்டுது."

"ஐயோ ஆன்ட்டி, சும்மா ஒரு போட்டோதான் லா."

மேடை ஏறாமல், பின்வரிசையில் உட்கார்ந்து படத்தை மட்டும் பார்க்கலாமா என்று கேட்டேன். அங்கேதான் அவன் வார்த்தையை மென்று முழுங்கினான். அந்தச் செய்திப் படம் தோக்கியோவுக்குக் கொஞ்சம் கூச்சமான விஷயமாம். அந்தக் காலத்து ஆள் ஒருவர் மேடையில் நின்று சிரித்தால் போடலாம், இல்லையென்றால் வேண்டாம் என்று முடிவாம். என் சிரிப்பு இல்லாமல் படம் இல்லை. மறுநாளே சுருள் திரும்பிப் போய்விடும்.

ஆக, நான் அவர்களுக்கு அனுமதிச் சீட்டு.

"உங்க அம்மா இருந்திருந்தா, இதைக் கேட்டதுக்கு உன் காதைத் திருகியிருப்பா" என்றேன். சிரித்தான். மீசையில் சட்னி.

செப்டம்பர் 11, திங்கள்

மிஸ் ஹோரிக்காவாவுக்கு ஃபோன் செய்தேன். பிரதி ஒன்று தர முடியுமா, விலை கொடுக்கிறேன் என்றேன். கிடங்கு விதி, மிகவும் கஷ்டம் என்றாள். மன்னிப்புக் கேட்டாள், மறுபடியும் கேட்டாள். அவர்கள் கஷ்டம் என்றால் முடியாது என்று பொருள். அன்றைக்கு எங்களுக்குப் பாடம் எடுத்த ஜப்பானிய ஆசிரியரும் அரிசி எப்போது வரும் என்று கேட்டால் கஷ்டம் என்றுதான் சொல்வார்.

நான் எதற்காகக் கேட்டேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சீருடையின் காலர் எப்படி இருந்தது என்று பார்க்கத்தான் என்று சொல்லியிருப்பேன். சாக்கடைக்கு ஆள் இன்றும் வரவில்லை.

செப்டம்பர் 13, புதன்

மழை. வெளியே போக முடியவில்லை. அந்த நாளை எழுதி வைக்கிறேன், முதலும் முடிவுமாக.

காலையில் லாரியில் வந்தார்கள். கேமராவுக்கு முக்காலி நட்டார்கள். முற்றத்தை எங்களைக்கொண்டே கழுவினார்கள். கொஞ்சம் சதை இருந்த பிள்ளைகளை முன்னால் நிறுத்தினார்கள், எலும்பாக இருந்தவர்களைப் பின்னால். என் தங்கை லூர்துக்கு ஐந்து வயது. காலெல்லாம் சிரங்கு. மரவள்ளிக்கிழங்கையே தின்று வந்த சிரங்கு. அவளை ஓரத்துக்குத் தள்ளினார்கள். என்னை முன்வரிசைக்கு மாற்றினார்கள். அப்பா சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போகப்பட்டு அப்போது இரண்டு மாதம்.

பெட்டி கொடுத்தார்கள். திற, காட்டு, சிரி. தின்னக் கூடாது. நேராகப் பார், திரும்பக் கூடாது. திரும்பினால் மறுபடி எடுக்க வேண்டும், ஃபிலிம் வீணாகும். நான் திரும்பவில்லை.

எடுத்து முடித்ததும் பெட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க அதே பெட்டிகள் வேண்டுமாம். ஒரு துண்டுகூடக் குறையக் கூடாது. அந்தக் கேரமல் வாசம் விரலில் சாயங்காலம் வரை இருந்தது. மோந்து மோந்து பார்த்தோம், அசிங்கமாக, நாய்க்குட்டிகள் மாதிரி.

அடுத்த மாதம் லூர்துக்குக் காய்ச்சல். கொயினா மாத்திரை கிடைக்கவில்லை. காய்ச்சலில் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். தான் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டதாகவும், மதர் துப்பச் சொன்னதாகவும். மதர் அப்படிச் செய்யக்கூடியவர் அல்ல. அம்மாவிடமும் அதையே சொன்னேன். காய்ச்சலில் பிள்ளைகள் எதையாவது பிதற்றும்.

இவ்வளவுதான். மழை விட்டுவிட்டது.

செப்டம்பர் 14, வியாழன்

போகிறேன் என்று பெனடிக்டிடம் சொல்லிவிட்டேன். காலருக்காக.

செப்டம்பர் 16, சனி

தூசு தட்டினேன். சாம்பல் நிறப் பட்டு, முழங்கை வரை ரவிக்கை, என் கணவர் வாங்கிக் கொடுத்த முத்துத்தோடு. ஸ்டெல்லா, "பெரியம்மா, கல்யாணப் பொண்ணு தோத்தா போங்க" என்று கேலி செய்தாள். வாயை மூடு என்றேன். கைக்குட்டை ஒன்று எடுத்துக்கொண்டேன். என்னுடையது, அந்தப் பெண் கொடுத்தது அல்ல.

செப்டம்பர் 17, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போகவில்லை. நேற்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

அரங்கத்து முன்கூடத்தில் நம் பிள்ளைகள் வாடகைக் கிமோனோவில் உலவின. இடுப்புப் பட்டையைத் தாண்டி ஜீன்ஸ் தெரிந்தது. பச்சைத் தேநீர் கொடுத்தார்கள், முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி. பெனடிக்ட் பச்சை மீன் வைத்த சோற்றுருண்டையின் மேல் மிளகாய் சாஸைக் கொட்டித் தின்றான். எல்லார் கையிலும் ஒரு அட்டை: இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு ஜப்பான்மேல் உங்கள் அன்பு கூடியதா, ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடுக. அன்பை அளக்கும் அட்டையைத் தோக்கியோவில் யார் உட்கார்ந்து கூட்டுவார்கள் என்று யோசித்தேன்.

குறித்த நேரத்துக்குத் தொடங்கினார்கள். அதுமட்டும் எனக்குப் பிடித்தது. பெனடிக்ட், "சீஃப் கெஸ்ட் டத்தோ இன்னும் வரல, அஞ்சு நிமிஷம் லா" என்று கெஞ்சினான். மிஸ் ஹோரிக்காவா கதவைச் சாத்திவிட்டாள். டத்தோ வெளியே நின்று கதவைத் தட்டியது உள்ளே கேட்டது.

மிஸ்டர் குசுமி பேசினார். வெள்ளை முடி, நல்ல தையல் கோட்டு. சினிமா என்பது இதயங்களுக்கிடையே ஜன்னல் என்றார். எங்கள் வீட்டு ஜன்னல் திரையை நினைத்துக்கொண்டேன்.

விளக்கு அணைந்தது.

பழைய குரலை நீக்கிவிட்டு ஏதோ தந்தி வாத்தியத்தைச் சேர்த்திருந்தார்கள். முற்றம். வரிசை. நான். காலர் வட்டக் காலர்தான். கேமரா மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது.

லூர்து.

நெற்றியில் கொத்து முடி. இடது கன்னம் புடைத்திருக்கிறது. கேமராவைப் பார்க்கவில்லை, முன்வரிசையில் இருக்கும் என் முதுகைப் பார்க்கிறாள். மெல்லவில்லை, கரைந்துவிடாமல் வைத்திருக்கிறாள். அரங்கத்தில் "அச்சோ" என்று பெண்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து வெள்ளை அங்கியில் ஒரு கன்னியாஸ்திரி வந்து, குனிந்து, குழந்தையின் தாடைக்கடியில் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தார். இன்னொரு "அச்சோ". அத்துடன் படம் அறுந்தது.

குனிந்தபோது முகம் தெரிந்தது.

விளக்கு வந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். படியேறினேன். யாரும் கை கொடுக்க நான் விடவில்லை. மிஸ்டர் குசுமி தாழக் குனிந்து இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினார். சிவப்பு நாடாகூடக் கட்டியிருந்தார்கள். இரண்டு கையாலும் வாங்கினேன். இந்தப் பக்கம், ஆன்ட்டி இந்தப் பக்கம், கொஞ்சம் சிரிங்க. போட்டோக்காரர்கள் எடுத்து முடிக்கும்வரை நின்றேன்.

பிறகு பெட்டியை இரண்டு கையாலும் அவரிடமே நீட்டினேன். அவர்கள் ஊர் மரியாதையில், இரண்டு கையால் நீட்டியதை வாங்காமல் இருக்க முடியாது. வாங்கிக்கொண்டார். பெனடிக்ட் மேடைக்குக் கீழே இருந்து, "ஆன்ட்டி, அது உங்களுக்கு, வச்சுக்குங்க" என்று சீறினான்.

மைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"அன்றைக்கும் படம் எடுத்து முடித்ததும் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்" என்றேன். "அடுத்த பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமாம். வழக்கத்தை மாற்றுவானேன்?"

சிலர் சிரித்தார்கள், நகைச்சுவை என்று நினைத்து. சிரிப்பு பாதியில் நின்றது.

"ஓரத்தில் இருந்த குழந்தை என் தங்கை லூர்து. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். அந்தக் கை அவளைக் கொஞ்ச வந்த கை அல்ல. துப்பச் சொல்லிப் பிடித்த கை. அடுத்த மாதம் இறந்துபோனாள். என்னிடம் அவள் படம் கிடையாது. தயவுசெய்து இன்னொரு முறை போடுங்கள்."

மிஸ்டர் குசுமி கையில் பெட்டியோடு அப்படியே நின்றார். மிஸ் ஹோரிக்காவா மட்டும் எழுந்து, ஓடவில்லை, வேகமாக நடந்து, படம் ஓட்டும் அறைக்குப் போனாள்.

இரண்டாம் முறை வாத்தியத்தைப் போட மறந்துவிட்டார்களோ, வேண்டாம் என்று விட்டார்களோ. சத்தமே இல்லாமல் ஓடியது. மேடையிலேயே நின்று பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில் அவள் முகம் என் உயரத்துக்கு இருந்தது. கை வந்தது. லூர்து உதட்டை இறுக்கிக்கொண்டாள். முதல் முறை நான் அதைக் கவனிக்கவில்லை. அரங்கத்தில் ஒருவரும் "அச்சோ" என்று சொல்லவில்லை.

நூடுல்ஸ் கடைக்காரரைப் பார்க்க நான் இருக்கவில்லை. ஸ்டெல்லா கார் ஓட்டினாள். பாலம் தாண்டினோம். பிறகு, "மதருக்கு வேற வழி இருந்திருக்காது, பெரியம்மா. துப்பாக்கியோட நின்னானுங்க" என்றாள்.

இருந்திருக்காது. எனக்கும் தெரியும்.

செப்டம்பர் 18, திங்கள்

பத்திரிகையில் போட்டோ வந்திருக்கிறது. நானும் மிஸ்டர் குசுமியும், நடுவில் பெட்டி, நால்வர் பிடித்த மாதிரி நான்கு கை. யார் யாருக்குக் கொடுக்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே எழுதியிருக்கிறார்கள்: அறுபது ஆண்டு கடந்த இனிப்பான நட்பு.

சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன் படத்தில். மதர் கற்றுக்கொடுத்த சிரிப்பு, பல் தெரியாமல்.

அந்தத் தாளில் மீன் செதிலைச் சுற்றிக் குப்பையில் போட்டேன். சாக்கடைக்கு ஆள் வந்து, எடுத்த சேற்றை வாசலிலேயே குவித்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 20, புதன்

மிஸ் ஹோரிக்காவா தனியாக வந்தாள். வெறுங்கையோடு. பையும் இல்லை, தாளும் இல்லை. அவர்கள் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

சுருள் போய்விட்டது, பிரதி கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன், கஷ்டம் என்றுதான் பதில் வரும் என்றாள். அடுத்த வருடம் கோலாலம்பூர் விழாவில் அந்தப் படத்தைப் போடப் போவதில்லையாம். பிறகு, உட்காராமலே, இதைச் சொன்னாள்:

"நான் அதை எத்தனையோ முறை பார்த்தேன். அந்தக் கை குழந்தையின் வாயைத் துடைக்க வருகிறது என்று நினைத்தேன். சுத்தமான பள்ளிக்கூடம் என்று நினைத்தேன். அதனால்தான் அந்த இடத்தை வெட்டாமல் விட்டேன்."

வெட்டியிருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

"உட்காரு. காபி போடறேன்" என்றேன். தமிழில் சொன்னேன். புரிந்துகொண்டு உட்கார்ந்தாள். குடித்த கோப்பையை அவளே எடுத்துப் போய்க் கழுவினாள். நன்றாகத்தான் கழுவினாள், பிடியின் உட்பக்கம் மட்டும் நான் மறுபடி கழுவ வேண்டியிருந்தது.

செப்டம்பர் 23, சனி

தூசு தட்டும் நாள். மதர் ஜோசபின் படத்தைக் கழற்றித் துடைத்தேன். முன்பக்கம், பின்பக்கம், சட்டகத்தின் மூலை. துடைத்ததைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

ஸ்டெல்லா வேலையிலிருந்து வந்து, சுவரில் வெள்ளையாகத் தெரிந்த சதுரத்தைப் பார்த்தாள்.

"என்னா பெரியம்மா, படத்தைக் காணோம்?"

"ஆணி சரியில்லை."

அவள் போய் ஆணியை ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்க்கப் போனேன்.